சின்னப்பம்பட்டிக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே: கிரிக்கெட்டைத் தொழிலாக எடுக்க விரும்புவோருக்கு ஒரு கையேடு

"பையன் நன்றாக ஆடுகிறான், அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது?" என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு இரண்டு பெற்றோராவது என்னிடம் வருகிறார்கள். யாரைப் பார்ப்பது என்று கேட்பதை விட்டுவிட்டு எங்கே போய் ஆடுவது என்று கேட்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் அன்றே தீர்ந்துவிடும். சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் பல ஆண்டுகள் ஆடி, பிறகு பையன்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், தமிழ்நாட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று கிரிக்கெட்டைப் பிழைப்பாக்கிக்கொள்ள எந்தெந்தப் படிகளில் ஏற வேண்டும், எந்தப் படியில் எதைக் கவனிக்க வேண்டும், எந்த வயதில் நின்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையின் தெரியாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிக்கொண்டிருந்த டி. நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியத் தொப்பியை அணிந்தார் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அவர் 2010-11 பருவத்தில் பி.எஸ்.என்.எல். அணிக்காகச் சென்னை லீக்கின் நான்காம் பிரிவில் ஆடினார். அங்கிருந்து முதல் பிரிவுக்கு ஏறினார். 2015 ஜனவரியில் மாநில அணிகள் மோதும் ரஞ்சி டிராபியில் அறிமுகமானார். உடனேயே அவருடைய பந்துவீச்சு முறையில் ஐயம் எழுப்பப்பட்டதால் ஒதுங்கி நின்று கையைத் திருத்திக்கொண்டு மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டே விலை 40 லட்சத்துக்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவுக்கும் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான் போனார். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் ஏற்பட்டதால் டி20 அணியில் இடம் கிடைத்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானது அதற்குப் பிறகுதான். அவரை யாரோ ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பையன், அந்த ஒருவருக்காகக் காத்திருந்தே வயதைக் கழித்துவிடுவான்.

டென்னிஸ் பந்திலிருந்து லெதர் பந்துக்கு

நம் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆறு ஓவர், எட்டு ஓவர் டோர்னமென்ட்டுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். கூட்டத்தின் நடுவில் கடைசி ஓவர் வீசும் துணிவை எந்த அகாடமியும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவில்தான். லெதர் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். எடை இவ்வளவு மாறும்போது கையும் காலும் கண்ணும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் மாறிவிடுவது நல்லது. இருபதில் மாறி வென்றவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் பெரும்பாலும் பந்துவீச்சாளர்கள். மட்டையாளர்களுக்கு அந்த வயதில் மாறுவது மிகக் கடினம்.

ஏன் என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். ஊர் டோர்னமென்ட்டில் தொடர் நாயகன் பரிசாக வாங்கிய மிதிவண்டியில்தான் நெட்ஸுக்கு (வலைப்பயிற்சிக்கு) வருவான். முதல் வாரத்தில் பதினோரு முறை போல்டானான். டென்னிஸ் பந்து தரையில் பட்டதும் எழும்பி, சற்றே நின்று வரும். முன்காலை லெக் பக்கம் விலக்கிக்கொண்டு அதை மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்கிவிடலாம். லெதர் பந்து அப்படிக் காத்திருக்காது. வழுக்கிக்கொண்டு வந்து, விலகிய காலுக்கும் மட்டைக்கும் இடையிலான இடைவெளியில் புகுந்து ஸ்டம்பைத் தட்டிவிடும். அவனிடம் ஒரே ஒரு வேலையைத்தான் கொடுத்தேன். பத்து அடி தூரத்தில் இரண்டு ஸ்டம்புகளை மூன்றடி இடைவெளி விட்டு நட்டு, நான் பக்கத்திலிருந்து கீழ்க்கையால் உருட்டிவிடும் பந்தை, முன்காலைப் பந்தின் அருகே வைத்து, அந்த இடைவெளி வழியாக மட்டும் அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பந்துகள், தூக்கி அடிக்கக் கூடாது. மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தான். நான்காம் மாதம், நேர் மட்டையில் மிட்ஆஃபைத் தாண்டி ஒரு நான்கு அடித்துவிட்டு, தானே வியந்து மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பந்துவீச்சாளருக்கு வேறு சிக்கல். டென்னிஸ் பந்தில் யார்க்கரும் மெதுபந்தும் நன்றாக வந்துவிடும்; லென்த் (பந்து தரையில் விழ வேண்டிய தூரம்) மட்டும் வராது, ஏனென்றால் அங்கே அது தேவைப்படுவதில்லை. வேகப்பந்து வீசுபவர், மட்டையாளரின் ஸ்டம்பிலிருந்து ஆறு முதல் எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு துண்டை விரித்துப் போட்டு, முப்பது பந்துகளில் எத்தனை துண்டில் விழுகின்றன என்று தினமும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முப்பதில் பன்னிரண்டு விழத் தொடங்கினால் லீக்கில் ஒரு கேப்டன் பந்தைக் கையில் கொடுப்பார். எழுதி வைக்காதவர்கள் எல்லோரும் "நன்றாகத்தான் விழுகிறது" என்பார்கள்.

மட்டை வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தின் பணம் முதலில் வீணாவது இங்கேதான். வளரும் பையனுக்குக் காஷ்மீர் வில்லோ மட்டை போதும். மாவட்ட அணிக்கு வரும்வரை இங்கிலீஷ் வில்லோவுக்கு அவசரப்பட வேண்டாம். அப்படி வாங்கினால், வாங்கிய அன்றே புதுப் பந்தை அடிக்க விடாதீர்கள். ஆளி விதை எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, முகப்பிலும் ஓரங்களிலும் பூச வேண்டும். கைப்பிடி இறங்கும் முக்கோணப் பகுதியில் எண்ணெய் படக் கூடாது, அங்கே பசை இளகிவிடும். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. அதன்பின் மரச் சுத்தியால் முகப்பை மெதுவாகத் தட்டத் தொடங்கி, நாளுக்கு அரை மணி வீதம் மொத்தம் ஐந்தாறு மணி நேரம் தட்டிய பிறகு, பழைய பந்தில் நெட்ஸ் ஆடிப் பழக்க வேண்டும். ஓரங்களை நேராக அடிக்காமல் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். ஒரு தந்தை கடன் வாங்கி வாங்கிய மட்டை இரண்டாம் நாளே அடிப்பகுதியில் பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் இந்த வேலையைச் சொல்லித் தரவில்லை, மட்டையைப் பழக்கினாரா என்று நானும் கேட்டிருக்கவில்லை.

ஏணியின் படிகள்

தமிழ்நாட்டில் கிரிக்கெட்டை நடத்துவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம்; அதன் கீழ் மாவட்டச் சங்கங்கள் இருக்கின்றன. எந்த மாவட்டத்தில் இருக்கிறீர்களோ அந்தச் சங்கத்தில் ஒரு கிளப் வழியாகப் பதிவு செய்துகொண்டு மாவட்ட லீக்கில் ஆடத் தொடங்குவதுதான் முதல் படி. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஓர் எழுத்து மாறாமல் ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், "முருகன்" ஒன்றில் "எம். முருகன்" ஆகவும் இன்னொன்றில் "முருகன் எம்." ஆகவும் இருந்தால், தேர்வு நாளன்று அதற்காக அலைய நேரமிருக்காது.

வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளியில் சேர்க்கும்போது தேதியை மாற்றிக் கொடுக்கும் பழைய வழக்கம் கிரிக்கெட்டில் பிள்ளையின் எதிர்காலத்தையே கெடுத்துவிடும். 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறது. சான்றிதழைத் திருத்தியது தெரிந்தால் இரண்டு ஆண்டுத் தடை. பதினைந்து வயதில் இரண்டு ஆண்டு என்பது ஏறக்குறைய மொத்தமும்தான்.

மாவட்டத்தில் நன்றாக ஆடுபவர்கள் மாவட்டங்களுக்கிடையிலான 14, 16, 19 வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்குப் போவார்கள்; அங்கிருந்து மாநில உத்தேச அணி; அங்கிருந்து வாரியத்தின் தேசியப் போட்டிகள். 16 வயதுக்குட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் டிராபி, 19க்குட்பட்டோருக்குப் பலநாள் ஆட்டங்களில் கூச் பெஹார் டிராபியும் ஒருநாள் ஆட்டங்களில் வினூ மன்கட் டிராபியும், 23க்குட்பட்டோருக்கு சி.கே. நாயுடு டிராபி. இந்தப் பெயர்களைப் பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "நேஷனல் லெவல்" என்று அச்சடித்த சான்றிதழோடு கோப்பை கொடுக்கும் தனியார் போட்டிகள் ஏராளமாக நடக்கின்றன. கட்டணம் கட்டி, ரயிலேறி, வடக்கே போய் ஆடிவிட்டு வருகிறார்கள். பயணம் நல்ல அனுபவம்தான், ஆனால் தேர்வாளர் யாரும் அந்தச் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

வயதுப் பிரிவு அணிகளில் இடம் கிடைக்காதவர்களுக்கும் திறந்திருக்கும் கதவு சென்னை லீக். பல பிரிவுகளாக நடக்கும் இந்த லீக்கில் அடிப்பிரிவு கிளப்புகளில் கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், நாற்பது வயது ஆஃப் ஸ்பின்னர்கள் எல்லோரும் ஆடுவார்கள். மேலே முதல் பிரிவில், பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்காக நடக்கும் ஆட்டங்களில், ரஞ்சி வீரர்களும் சில சமயம் இந்திய வீரர்களும் எதிரே நிற்பார்கள். ஜாலி ரோவர்ஸ், விஜய் சி.சி., ஆழ்வார்பேட்டை சி.சி., எம்.ஆர்.எஃப். போன்ற அணிகளுக்குப் பின்னால் நிறுவனங்கள் நிற்பதால், முதல் பிரிவு வீரருக்கு ஊதியமோ வேலையோ கிடைக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் இவ்வளவு ஆழமான கிளப் லீக் உள்ள நகரங்கள் மிகக் குறைவு. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வசதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மாவட்டத்துப் பையன், கல்லூரிப் படிப்புக்குச் சென்னையைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

லீக்கில் சேரும் முறை எளியது. பருவம் தொடங்குவதற்கு முன் கிளப்புகள் நெட்ஸ் நடத்தும். அங்கே போய், கிளப் செயலாளரிடம் பேசி, பந்து வீசிக் காட்ட வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு கிளப்புக்குத்தான் பதிவு. இங்கே இளைஞர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு: பெயர் பெற்ற முதல் பிரிவு அணியில் பதினெட்டாவது ஆளாகச் சேர்ந்து, பருவம் முழுவதும் தண்ணீர் பாட்டில் சுமப்பார்கள். நான்காம் பிரிவில் எல்லா ஆட்டத்திலும் மூன்றாவதாக இறங்கி ஆடுவது அதைவிடப் பத்து மடங்கு மேல். ஸ்கோர் ஷீட்டில் ஏறும் எண்ணைத்தான் அடுத்த பிரிவின் கேப்டன் பார்க்கிறார். வருண் சக்கரவர்த்தி 2017-18 பருவத்தில் நான்காம் பிரிவில் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தார், 2018 டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) போட்டியில் மதுரை அணிக்கு ஆடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 8.4 கோடிக்கு எடுத்தார்கள்.

வருணின் கதையைப் பலர் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். பள்ளியில் விக்கெட் கீப்பர். பதினேழு வயதுக்குப் பின் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்து வேலையும் பார்த்தார். திரும்பி வந்தபோது வேகப்பந்து வீசி, முழங்காலில் அடிபட்டு, பிறகுதான் சுழலுக்கு மாறினார். இருபத்தைந்து வயதில் திரும்பினாலும் போதும் என்பதற்கு அவரைச் சாட்சியாக அழைப்பவர்கள், அவர் திரும்பி வந்தது வேறு யாரிடமும் இல்லாத ஒரு சரக்கோடு என்பதை மறந்துவிடுகிறார்கள். மட்டையாளர் படிக்க முடியாத சுழல் கையில் இருந்தால் வயது பொருட்டில்லை. மிதவேகத்தில் நேராக வீசுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: பதினைந்து வயதில் "நான் இன்னது மட்டும்தான்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வினும் சிறுவயதில் தொடக்க மட்டையாளராகத்தான் ஆடினார்.

2016இல் தொடங்கிய டி.என்.பி.எல். எட்டு அணிகளோடு நடக்கிறது. திண்டுக்கல் நத்தம், சேலம் வாழப்பாடி, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று சென்னைக்கு வெளியே உள்ள மைதானங்களிலும் அதன் ஆட்டங்கள் விளக்கொளியில் நடந்திருக்கின்றன. ஐ.பி.எல். அணிகளின் ஆள்தேடுவோர் அதைத் தவறாமல் பார்க்கிறார்கள். 2023இல் ஒரு வேடிக்கை நடந்தது: சாய் சுதர்சனை ஐ.பி.எல். அணி 20 லட்சத்துக்கு வைத்திருந்தபோது, டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் அவர் 47 பந்துகளில் 96 எடுத்த பிறகு அந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டது.

பெண் பிள்ளைகளுக்கு இன்று வழி முன்பைவிட நேரானது. போட்டியிடுவோர் எண்ணிக்கை இன்னும் குறைவு என்பதால், திறமையுள்ள பதினான்கு வயதுப் பெண் மாநில வயதுப் பிரிவு அணிக்கு அருகிலேயே நிற்கிறாள். மகளிர் பிரீமியர் லீக் 2023இல் தொடங்கியது. 2024 டிசம்பர் ஏலத்தில் மதுரையில் பிறந்த பதினாறு வயது ஜி. கமலினியை மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. ஆனால் கீழே லீக் ஆட்டங்கள் போதுமான அளவு இல்லை. ஆகவே பையன்களோடு நெட்ஸிலும் ஆட்டங்களிலும் ஆடக் கூச்சப்படாத குடும்பமும் பயிற்சியாளரும் அமைவது அவசியம்.

தேர்வு நாள்

மாவட்டத் தேர்வு ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். காலை ஏழு மணிக்கே இருநூறு, முந்நூறு பையன்கள் கிட் பையோடு வரிசையில் நிற்பார்கள். மூன்று நெட்கள். மட்டையாளருக்கு இரண்டு ஓவர் கிடைத்தால் அதிகம். பந்துவீச்சாளருக்கு ஆறு பந்துகள். இதற்கு எப்படித் தயாராவது?

உங்கள் எண் வருவதற்கு இருபது பேருக்கு முன்பே பேடு கட்டி, ஹெல்மெட் மாட்டி, உடம்பைச் சூடாக்கி முடித்திருக்க வேண்டும்; பெயரைக் கூப்பிட்ட பிறகு பட்டையைத் தேடுபவனைத் தேர்வாளர் அப்போதே குறித்துக்கொள்கிறார். மட்டையாளர் முதல் நான்கு பந்துகளில் நேராக ஆட வேண்டும். நல்ல பந்தை விடுவதும் தேர்வாளர் பார்க்கும் திறமைதான். பந்து வீசுபவர் ஆறு பந்துகளில் ஆறு வித்தை காட்டாமல், நான்கைந்து பந்தை ஒரே இடத்தில் விழச் செய்ய வேண்டும். மீதமுள்ள நேரத்தில் மரத்தடியில் உட்காராமல், பந்து எடுத்துப்போடும் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்யுங்கள். பதினான்கு பேர் முடிவான பிறகு கடைசி ஓர் இடத்துக்கு ஃபீல்டிங்கைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தோம் என்று தேர்வாளராக இருந்த ஒரு நண்பர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அநியாயமும் நடக்கும். இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்து நான் போய்ச் சேர்ந்த ஒரு தேர்வில், பட்டியல் முந்தின நாளே தட்டச்சாகிவிட்டதை மதியம் டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு மருந்து மனு எழுதுவதில் இல்லை. அந்தப் பருவ லீக்கில் ஒதுக்க முடியாத எண்ணை எடுத்துக் காட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: மாநில அணியிலோ ஐ.பி.எல். அணியிலோ இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசக்காரர். அவரிடம் கொடுத்த பணம் திரும்பாது, பிள்ளையின் பெயரும் கெடும்.

உடம்பும் ஒழுங்கும்

வேகப்பந்து வீசும் சிறுவர்களின் கீழ்முதுகு எலும்பில் நுண்முறிவு வருவது இந்தத் தொழிலின் மிகச் சாதாரண விபத்து. காரணம் எளியது: வளர்ந்து முடியாத முதுகெலும்பு, பந்தை விடும் நொடியில் ஒரே நேரத்தில் வளைந்து திரும்பி, உடலெடையின் பல மடங்கு விசையை முன்காலில் வாங்குகிறது. இங்கிலாந்து வாரியம் வகுத்த வரம்பு, 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு தொடர்ச்சியில் 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர். 15க்குட்பட்டோருக்கு 6, 12. நம் ஊரில் நல்லாப் போடுகிறான் என்பதற்காக ஒரே பையனைக் காலையில் பள்ளி அணியிலும் மாலையில் கிளப்பிலும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டிலும் வீசவைக்கிறார்கள். ஓவர் கணக்கை வைத்திருக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான், ஏனென்றால் மூன்று இடத்துக்கும் அவனை அழைத்துப் போவது அவர்கள் மட்டுமே. கீழ்முதுகில் ஒருபக்கம் மட்டும் வலித்தால், தைலம் தேய்த்து வீச விடாதீர்கள். விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பந்துவீசும் கை பற்றிய ஐயமும் சீக்கிரம் தீர்க்கப்பட வேண்டியது. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் விதிமீறல். சந்தேகம் இருந்தால் பதினாறு வயதிலேயே மெதுவேகக் காணொளி எடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். ரஞ்சிக்குப் போன பிறகு திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு நடராஜன் இழந்த காலமே சான்று.

மாநில அணி வரை வந்துவிட்டால் ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள்படுவீர்கள். 2019இல் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை விழுந்தது இருமல் மருந்தில் இருந்த டெர்புட்டலின் என்ற பொருளால். மருந்துக்கடையில் சளிக்கு என்று கேட்டு வாங்கிக் குடிக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். அணி மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையோ உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் பொடியோ எதுவும் வேண்டாம். அதேபோல, ஆட்டத்தின் உள்தகவல் கேட்டு யாராவது அணுகினால், மறுத்தால் மட்டும் போதாது, உடனே ஊழல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் 2019இல் தடை பெற்றது பணம் வாங்கியதற்காக அல்ல, அணுகியதைச் சொல்லாமல் இருந்ததற்காக.

வரும்படி, படிப்பு, அதற்குப் பிறகு

வரும்படியைப் பற்றி நேராகப் பேசுவோம். லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் உங்கள் கைக்காசுதான் போகும். வாரியம் 2021இல் திருத்திய கட்டணப்படி, ரஞ்சியில் 20 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், 40 வரை 50,000, அதற்கு மேல் 60,000. ஆடும் பதினொருவரில் இல்லாதவருக்குப் பாதி. 23 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு 25,000, 19க்குட்பட்டோருக்கு 20,000. ஏழு லீக் ஆட்டங்களிலும் ஆடும் புதுமுகத்துக்கு 28 நாள் என்று வைத்தால் 11,20,000 ரூபாய் வருகிறது. நல்ல தொகைதான், ஆனால் அடுத்த பருவம் அணியில் இல்லையென்றால் சுழியம். ஐ.பி.எல். அணிகள் பத்து, அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் எட்டுப் பேர் வரை. ஆக நாடு முழுவதற்கும் சேர்த்து இந்தியருக்கு நூற்றெழுபது அளவில்தான் இடங்கள். ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நம் மாநிலத்தின் ரஞ்சி அணியில் பதினைந்து, பதினாறு பேர்.

இதனால்தான் பட்டப்படிப்பைக் கைவிடச் சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்கிறேன். அஸ்வின் பொறியியல் படித்தவர், வருண் கட்டடக்கலை படித்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும், பிறகு ரயில்வே போன்ற நிறுவனங்களில் வேலையும் கிடைக்கக்கூடும். தோனியே கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்துகொண்டுதான் ஆடினார். வேலையில் சேர்ந்தால் எந்த அணிக்கு ஆட வேண்டியிருக்கும், மாநில அணிக்கு ஆட அனுமதி உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்கு மாறுவதானாலும் தாய்ச் சங்கத்தின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும். போட்டி மிகுந்த தமிழ்நாட்டை விட்டுச் சிறிய மாநிலங்களுக்குப் போய் ரஞ்சி ஆடியவர்கள் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கணக்குப் பார்க்க வேண்டிய வயது 23. வயதுப் பிரிவுகள் அங்கே முடிகின்றன. அதற்குள் மாநிலத்தின் எந்த அணியிலும் பெயர் வரவில்லை, முதல் பிரிவு லீக்கிலும் நிலையான இடம் இல்லை என்றால், வேலையை முதலாகவும் கிரிக்கெட்டை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை; வாரக்கடைசி லீக் அதற்காகத்தான் இருக்கிறது. பணம் வரத் தொடங்கியவர்களுக்கு ஒரு சொல்: முதல் ஏலப் பணத்தில் கார் வாங்கும் முன் ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள், வரியைக் கழித்த பிறகு கையில் நிற்பது அறிவிக்கப்பட்ட தொகையைவிடக் கணிசமாகக் குறைவு.

ஆட முடியாத நாள் முப்பதிலும் வரலாம், முப்பத்தேழிலும் வரலாம். பயிற்சியாளர் படிப்புகளைப் படிப்படியாக முடிக்கலாம். காணொளிப் பகுப்பாய்வு, உடற்திறன் பயிற்சி, ஸ்கோரிங் ஆகியவற்றுக்கு இன்று எல்லா அணிகளிலும் ஆள் தேவைப்படுகிறது. நடுவர் பணியை நம் இளைஞர்கள் ஏனோ நினைத்துப் பார்ப்பதே இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடினார். நடுவராக நின்றது 73 டெஸ்ட். மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் தேர்வில் எழுத்துத் தாளும் வாய்மொழிக் கேள்விகளும் இருக்கும், கேள்விகள் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யின் 42 விதிகளிலிருந்து வரும். ஆடிக்கொண்டிருக்கும்போதே வாரம் ஒரு விதியாகப் படித்துவந்தால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். எங்கள் கிளப்பில் இப்படிப் படித்த ஒரு விக்கெட் கீப்பர், பந்து செத்துவிட்டதா (அந்தப் பந்துக்கான ஆட்டம் முடிந்துவிட்டதா) இல்லையா என்ற ஒரு நுணுக்கத்தைச் சரியாகச் சொல்லி, ரன் அவுட் என்று கொடுத்த முடிவைத் திரும்பப் பெறவைத்தார். அந்த மட்டையாளர் அன்று 80 அடித்தார்.